வளைந்த பந்தும் வளையாத நானும்

கற்றவர்கள் விடும் பிழைகள் எல்லாம் அறியாமையால் விளைவனவல்ல. முன்னொருமுறை சரியாகச் சொல்லிவிட்ட பெருமிதத்தால் விளையும் பிழைகளும் உள. இதற்கு நூற்சான்று காட்ட நான் முனையவில்லை. என் வாழ்வில் நேர்ந்த ஒன்றையே சான்றாகக் கூற விழைகின்றேன். அது ஒரு பந்தைப் பற்றியது. அப்பந்தை எறிந்த ஒரு முதியவரைப் பற்றியது. அவர் அழைத்தும் சென்று பாராதிருந்த என்னைப் பற்றியது.

1985 ஆம் ஆண்டு ஆவணி மாத இறுதியில், பிரயோக கணிதத்திற் பட்டப்பின் படிப்பை மேற்கொள்ளும்பொருட்டு, ஐக்கிய அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்திலுள்ள ஒரு சிறு பல்கலைக்கழக நகருக்குச் சென்றேன். பாயிகளின் இயக்கம் எனது ஆய்வுத்துறை. ஊரிலிருந்து கடிதம் வருவது அரிதாயிருந்த காலம் அது. வந்த கடிதமும் மூன்று நான்கு கிழமைப் பழமையுடையதாயிருக்கும். வானொலியில் இலங்கையின் பெயர் ஒலித்தால் அது நற்செய்தியாய் இராது என்பது மனத்துக்குப் பழகிப்போயிருந்தது. குளிர்காலம் தொடங்கியதும், வாடகை அறையிற் சூடு போதாமையால், துறைக் கட்டடத்தின் நிலக்கீழ்த் தளத்திலே கொதிகலன் அறைக்கு அயலிற் கிடந்த பழைய மேசையொன்றை எனது படிப்பிடமாக்கிக்கொண்டேன். அங்கேதான் அவரைச் சந்தித்தேன்.

அவர் கொதிகலனைக் கவனிக்கும் ஊழியர். அப்போது அவருக்கு அறுபத்து நான்கு வயது. நீண்ட விரல்கள், வலது தோளை முழுவதும் உயர்த்த இயலாது. இளமையிற் சிறு நகரங்களின் தொழின்முறைப் பேஸ்போல் அணிகளிற் பந்தெறிபவராயிருந்தவர் என்பதும், தோள் கெட்டபின் கொதிகலன் வேலைக்கு வந்தவர் என்பதும், சனிக்கிழமைகளில் நகரச் சிறுவர்களுக்குப் பந்தெறியப் பழக்குகின்றவர் என்பதும் நாளடைவில் அறிந்தவை. நான் மாணவன் என்று பலமுறை சொல்லியும் அவர் என்னைப் ‘புரொபெசர்’ என்றே அழைத்தார். அதிற் கேலியும் இருந்தது, அன்பும் இருந்தது. கடிதம் வராத நாட்களில் அதைப் பற்றி அவர் கேட்கமாட்டார். ஒரு கோப்பை கோப்பியை மேசையில் வைத்துவிட்டுப் போவார்.

ஒருநாள் அவர் தமது மேற்சட்டைப் பையிலிருந்து ஒரு பந்தை எடுத்து என் தாள்களின்மேல் வைத்து, “புரொபெசர், இது வளையுமா, வளையாதா? நேர்மையாகச் சொல்” என்றார்.

அவ்வினாவின் பின்னால் நாற்பத்து நான்கு ஆண்டுக்காலக் கோபம் இருந்தது என்பதை நான் பின்னரே அறிந்தேன். 1941 ஆம் ஆண்டு புரட்டாதியில் ‘லைப்’ சஞ்சிகை, அதிவேகப் படப்பிடிப்பின் துணைகொண்டு, பேஸ்போலின் வளைபந்து உண்மையில் வளைவதில்லை, அது கண்ணின் மயக்கமே என்று எண்ணுமாறு ஒரு கட்டுரையை வெளியிட்டது. அப்போது அவருக்கு இருபது வயது. வளைபந்தே அவரது பிழைப்பு. தாம் நாள்தோறும் கையாற் செய்வதை, ஒரு பந்தையேனும் எறிந்தறியாதவர்கள் இல்லையென்று சொன்னதை அவர் மறக்கவில்லை.

பேஸ்போலை அறியாத வாசகருக்காகச் சில சொற்கள் கூறவேண்டும். கிரிக்கெற்றிற் பந்து நிலத்திற் பட்டு எழுகின்றது. பந்துவீச்சாளரின் சூழ்ச்சியிற் பெரும்பகுதியை ஆடுகளம் நிறைவேற்றித் தருகின்றது. பேஸ்போலிற் பந்து நிலத்தைத் தொடாமலே அடிப்பவரைச் சேரவேண்டும். ஆகவே, செய்யவேண்டிய சூழ்ச்சி முழுவதும் காற்றிலேதான் நிகழவேண்டும். எறிபவருக்கும் அடிப்பவரின் தளத்துக்கும் இடையிலுள்ள தூரம் 60 அடி 6 அங்குலம். 1893 முதல் இதுவே விதி. எறிபவர் ஓரடி முன்வைத்தே பந்தை விடுவதால், பந்து உண்மையிற் பறக்கும் தூரம் ஏறத்தாழ 55 அடிதான். மணிக்கு 90 மைல் வேகத்தில் வரும் பந்து இத்தூரத்தை ஒரு செக்கனின் பத்தில் நான்கு பங்குக்குச் சற்றுக் கூடிய நேரத்திற் கடந்துவிடும். பந்தின் நிறை ஐந்து முதல் ஐந்தேகால் அவுன்சு. சுற்றளவு ஒன்பது அங்குலத்துக்குச் சற்று மேல். நமது கிரிக்கெற் பந்தைவிட நிறையிற் சற்றுக் குறைந்தது. பருமனிற் சற்றுக் கூடியது. 8 என்ற இலக்கத்தின் வடிவில் வெட்டப்பட்ட இரு தோற்துண்டுகள் 108 இரட்டைத் தையல்களால், சிவப்பு நூல்கொண்டு, கையாலே பிணைக்கப்பட்டிருக்கும். தையல் பந்தை ஒரு வட்டமாகச் சுற்றாமல், வளைந்து வளைந்து ஓடித் தொடங்கிய இடத்துக்கே திரும்பும். இந்த வளைவை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ளவேண்டும். என் தோல்வி அதிலேதான் இருந்தது.

“வளையும்” என்றேன் நான். அவர் முகம் மலர்ந்தது. அன்றே அவருக்கு ஆசிரியனானேன். அவரும் எனக்கு ஆசிரியரானார்.

அவர் கற்பித்தவை இவை. வேகப்பந்தை, இரு விரல்களும் தையலுக்குக் குறுக்கே படியுமாறு பிடித்து எறிவர். விரல்நுனிகள் இறுதியாகப் பந்தைக் கீழ்நோக்கி இழுப்பதால் அது பின்னோக்கிச் சுழன்றுகொண்டே முன்னே செல்லும். கேர்வ்போல் எனப்படும் வளைபந்தில் மணிக்கட்டுத் திரும்பி, விரல்கள் பந்தின் முன்புறத்தால் இறங்கும். பந்து உருளும் சில்லைப்போல முன்னோக்கிச் சுழலும். அடிப்பவரின் முன் சடுதியாகத் தாழும். ஸ்லைடர் எனப்படுவது துப்பாக்கிக் குண்டைப்போலத் தான் செல்லுந் திசையையே அச்சாகக் கொண்டு பெரிதும் சுழல்வது; அது வேகத்தோடு வந்து பக்கவாட்டிற் சிறிது வழுவும். கூர்ந்த கண்ணுடையோர் அதன் முகத்திலே, தையல் சுழல்வதால் உண்டாகும் ஒரு செம்புள்ளியைக் காண்பர். சேஞ்சப் என்பது வேகப்பந்தின் கைவீச்சோடு வந்து வேகத்தை மட்டும் குறைத்துக்கொள்வது. அடிப்பவர் முன்னரே மட்டையை வீசிவிட்டு நாணுவார். நக்கிள்போல் எல்லாவற்றிலும் விசித்திரமானது. அதை விரல்நுனிகளால் தள்ளிச் சுழலாதவாறு எறிவர். பறக்கும் நேரம் முழுவதும் ஓரிரு முறை மட்டுமே அது சுழலும். காற்றிலே அங்குமிங்கும் தத்தளித்து வரும் அப்பந்து எங்கே சேரும் என்பதை எறிந்தவரும் அறியார், பிடிப்பவரும் அறியார்.

நான் கற்பித்தவை இவை. சுழலும் பந்து தன்னை ஒட்டிய மெல்லிய காற்றுப்படையைத் தன்னோடு இழுத்துச் செல்கின்றது. பந்தின் எப்பக்கம் எதிர்வரும் காற்றின் திசையிலேயே நகர்கின்றதோ, அப்பக்கத்திற் காற்று நெடுநேரம் ஒட்டியோடிப் பின்புறத்தே பிரிகின்றது. மறுபக்கத்தில் அது முந்தியே பிரிந்துவிடுகின்றது. இதனாற் பந்தின் பின்னே விடுபடும் காற்று ஒருபக்கமாகச் சாய்கின்றது. பந்து காற்றை ஒருபுறம் தள்ளினால், காற்று பந்தை மறுபுறம் தள்ளவேண்டும் என்பது நியூற்றனின் மூன்றாம் விதி. பின்னோக்கிச் சுழலும் வேகப்பந்து காற்றைக் கீழே தள்ளுவதால் மேல்நோக்கிய விசையைப் பெறுகின்றது. முன்னோக்கிச் சுழலும் வளைபந்து கீழ்நோக்கிய விசையைப் பெற்றுப் புவியீர்ப்போடு கூட்டுச் சேர்ந்து வீழ்கின்றது. இவ்விசைக்கு, 1852 இல் இதனை ஆய்ந்தெழுதிய பேர்லின் பேராசிரியர் மக்னஸின் பெயர் வழங்குகின்றது.

அவர் இதைக் கேட்டுக் கொதிகலன் கதவைத் தட்டிச் சிரித்தார். தமது விரல்கள் அறிந்ததை முதன்முறையாக ஒருவன் தாளில் எழுதிக் காட்டினான் என்றார். 1959 இல் லைமன் பிறிக்ஸ் என்ற அறிஞர் இதனை அளந்து நிறுவிவிட்டார் என்ற செய்தியையும் நான் நூலகத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்தேன். பிறிக்ஸ் ஐக்கிய அமெரிக்காவின் தேசிய நியமப் பணியகத்தின் பணிப்பாளராயிருந்து ஓய்வுபெற்றவர். 1939 இல் யுரேனியம் பற்றிய ஆலோசனைக் குழுவுக்குத் தலைமை வகித்தவர். எண்பது வயதைக் கடந்த பின்னர் அவர் வாஷிங்டன் நகர அணியின் மைதானத்துக்குச் சென்று, பந்திலே ஓர் இலேசான பட்டை நாடாவை இணைத்து எறியச் செய்தார். பந்து பிடிபட்டபின் நாடாவில் விழுந்த முறுக்குகளை எண்ணி, பந்து எத்தனை முறை சுழன்றது என்பதைக் கண்டார். பின்னர் காற்றுச் சுரங்கத்திற் சுழலும் பந்துகளை விழச்செய்து, 60 அடித் தூரத்தில் வளைவு பதினேழரை அங்குலம் வரை செல்லக்கூடும் என்று காட்டினார். இதை வாசித்துக் கேட்ட முதியவர் நெடுநேரம் பேசாதிருந்து, “எண்பது வயதில் மைதானத்துக்குப் போனாரா?” என்று மட்டும் கேட்டார். அளவைவிட அச்செயலே அவர் மனத்தைத் தொட்டது. அதன் பொருள் அப்போது எனக்கு விளங்கவில்லை.

எமக்கிடையே முதற் பிணக்கு வேகப்பந்தைப் பற்றி எழுந்தது. நல்ல வேகப்பந்து அடிப்பவரை அண்மித்ததும் மேலே எழும் என்று அவர் சொன்னார். எழாது என்றேன் நான். கணக்கு எளிது. ஒரு செக்கனின் பத்தில் நான்கு பங்கு நேரத்திற் புவியீர்ப்பு எந்தப் பொருளையும் இரண்டரை அடியளவு கீழே இழுத்துவிடும். சுழற்சியினால் எழும் மேல்விசை பந்தின் நிறையிற் பாதியை எட்டும். சிலவேளை அதற்கு மேலும் செல்லும். ஆயின் அந்நிறையை மிஞ்சுமாறு மேலிருந்து எறிய மனிதக் கையால் இயலாது. ஆகவே பந்து, வீழவேண்டிய அளவிலும் குறைவாக வீழ்கின்றதேயன்றி எழுவதில்லை. அடிப்பவரின் மனம் வழக்கமான வீழ்ச்சியை எதிர்பார்த்திருப்பதால், குறைவாக வீழ்ந்த பந்து எழுந்ததாகத் தோன்றுகின்றது.

“பந்து கடைசிக் கணத்தில் முறியும் என்கிறார்களே, அது?” என்று அவர் கேட்டார். அதுவும் பெரும்பாலும் தோற்றமே என்றேன். விலகல் நேரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வது. பறக்கும் நேரத்தின் முதற்பாதியில் மொத்த விலகலின் காற்பங்குதான் நிகழும். எஞ்சிய முக்காற்பங்கும் இரண்டாம் பாதியிலே நிகழும். பாதை முழுவதும் ஒரே சீராக வளைந்தாலும், வளைவெல்லாம் இறுதியிலே குவிந்ததுபோற் புலப்படும். இதற்குக் கண்ணும் துணைபோகின்றது என்பதை 2010 இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. பந்து நெருங்கும்போது பார்வையின் மையத்திலிருந்து விலகி ஓரப்பார்வையுள் நுழைகின்றது. ஓரப்பார்வையோ பந்தின் சுழற்சியையும் அதன் நகர்ச்சியையும் வேறுபிரித்தறிய வல்லதன்று. இரண்டும் கலந்துபோக, பந்து திடீரென முறிந்ததாகத் தெரிகின்றது.

அவர் நேர்மையானவர். கணக்கை இருமுறை கேட்டார், மூன்றாம் நாள் வந்து, “சரி, புரொபெசர். எழவில்லை. நாற்பது வருடம் நான் பிழையாகச் சொல்லிவிட்டேன்” என்றார். அவ்வயதில் அதை ஒப்புக்கொள்ள எவ்வளவு பெருந்தன்மை வேண்டும் என்பதை இன்று உணர்கின்றேன். அன்று நான் உணர்ந்தது வெற்றி ஒன்றையே.

இரண்டாம் பிணக்கு 1987 ஆம் ஆண்டு வசந்தகாலத்தில் வந்தது. அவர் பந்தை இருவிதமாகப் பிடித்துக் காட்டினார். இரண்டிலும் ஒரே கை, ஒரே விசை, ஒரே சுழற்சி. ஆயின் தையலை ஒரு விரலளவு திருப்பிப் பிடித்தால், பந்து மேலும் தாழ்ந்து எறிபவரின் கைப்பக்கமாக விலகும் என்றார். “சுழற்சி மட்டுமல்ல, புரொபெசர். தையல் எங்கே இருக்கிறது என்பதும் இருக்கிறது. பந்துக்கு அது தெரியும்.”

நான் சிரித்தேன். சுழலாத நக்கிள்போலிலே தையல் நிற்கும் இடத்துக்கேற்பப் பக்கவிசை தோன்றும் என்பது 1975 இலேயே அளந்தறியப்பட்டது. அதை நான் அறிவேன். ஆனால் அவர் கூறியதோ நிமிடத்துக்கு ஈராயிரம் முறைக்கு மேற் சுழலும் பந்து. ஒரு செக்கனில் முப்பது முறைக்கு மேல் தையல் சுற்றிவருகையில், ஒருகணம் இப்புறம் தள்ளுவதை மறுகணம் அப்புறம் தள்ளி அழித்துவிடும். சராசரியில் எதுவும் எஞ்சாது. எஞ்சுவது சுழற்சியின் வேகமும் அச்சுமே. இவ்வாறு ஒரு தாளில் எழுதிக் காட்டி, “தையலைத் திருப்பிப் பிடிக்கும்போது உங்களை அறியாமலே மணிக்கட்டும் திரும்பியிருக்கும்; அச்சு மாறியிருக்கும். வேகப்பந்து எழுகிறது என்றும்தானே முன்னர் சொன்னீர்கள்?” என்றேன்.

அந்த இறுதி வாக்கியத்தைச் சொல்லாதிருந்திருக்கலாம்.

அவர் சற்று நேரம் தமது கையைப் பார்த்தார். “என் மணிக்கட்டை எனக்குத் தெரியும்” என்றார் மெதுவாக. பின்னர், “வருகிற சனிக்கிழமை மைதானத்துக்கு வா. என்னிடம் பழகும் பையன் ஒருவன் இரண்டு விதமாகவும் எறிவான். பிடிப்பவனுக்குப் பின்னால், வலைக்கு அப்பால் நின்று பார். பிழை என்றால் சொல், நான் கேட்டுக்கொள்கிறேன்” என்றார்.

நான் போகவில்லை. ஆய்வேட்டின் மூன்றாம் அதிகாரத்தை முடிக்கவேண்டியிருந்தது என்பது அவருக்குச் சொன்ன காரணம். போகத் தேவையில்லை என்று எண்ணினேன் என்பதே உண்மைக் காரணம். அடுத்த சனிக்கிழமையும் அழைத்தார். அதற்கடுத்த சனிக்கிழமை அழைக்கவில்லை. மைதானம் என் அறையிலிருந்து நடந்து செல்லப் பதினைந்து நிமிடத் தூரம்.

எங்கள் நட்பு முறியவில்லை. கோப்பி வந்துகொண்டேயிருந்தது. ஆயின் பந்தைப் பற்றிய பேச்சு நின்றுபோயிற்று. அவ்வாண்டின் இறுதியில் அவர் ஓய்வுபெற்றார். 1989 இல் நான் நாடு திரும்பும்போது பேருந்து நிலையத்துக்கு வந்து, பழைய பந்தொன்றைக் கையில் வைத்து, “உன் ஊரில் யாராவது இதை எறிய விரும்பினால், பிடியைக் காட்டிக் கொடு” என்றார். சில ஆண்டுகளின் பின் அவருடைய மகளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. பல கைகள் மாறி, உறை கிழிந்து என்னை வந்தடைந்த அக்கடிதம் அவர் இறந்த செய்தியைத் தாங்கியிருந்தது.

இங்கே விரிவுரையாளனாகப் பணியாற்றிய முப்பதாண்டுக்காலமும், பாயியியக்கவியல் வகுப்பிற் சுழலும் பந்தை விளக்கும் நாளன்று அம்முதியவரின் கதையை மாணவர்க்குச் சொல்லி வந்தேன். எழாத பந்து எழுந்ததாக அவர் நம்பியதையும், தையல் பந்தைத் திருப்பும் என அவர் சாதித்ததையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லி, கண்ணின் சாட்சியத்தை எவ்வாறு ஐயுறவேண்டும் என்று முடிப்பேன். மாணவர் சிரிப்பர். அது எனக்கு மகிழ்ச்சி தந்தது என்பதையும் மறைக்காமற் கூறவேண்டும்.

ஓய்வுபெற்றபின், 2021 ஆம் ஆண்டில், பேஸ்போலின் காற்றியக்கம் பற்றிய புதிய கட்டுரைகளைத் தற்செயலாக வாசிக்க நேர்ந்தது. யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்திற் பாட்டன் ஸ்மித் என்ற பொறியியற் பேராசிரியரும் அவருடைய மாணவர்களும், பறக்கும் பந்தைச் சூழ்ந்த காற்றினுள் நுண்துகள்களைப் பரப்பி, லேசர் ஒளிபாய்ச்சிப் படமெடுத்திருந்தார்கள். பந்தின் மேற்பரப்பிலிருந்து காற்று எவ்விடத்திற் பிரிகின்றது என்பதை அப்படங்களிற் கண்ணாலே காணலாம். காற்றுப் பிரியும் எல்லைக்கு அண்மையில் ஒரு தையல் வந்து நின்றால், காற்று அத்தையலிலேயே பிரிந்துவிடுகின்றது. மறுபக்கத்திற் தையல் இல்லையேல், அங்கே காற்று வேறோரிடத்திற் பிரிகின்றது. இதனாற் பந்தின் பின்னுள்ள காற்று ஒருபுறம் சாய்கின்றது. பந்து மறுபுறம் தள்ளப்படுகின்றது. சுழற்சியின் விசைக்கு மேலதிகமான விசை இது.

சராசரியில் அழிந்துவிடும் என்ற என் வாதம் என்னவாயிற்று? தையல் வட்டமன்று, வளைந்தோடுவது என்று மேலே கூறினேன். சுழற்சி அச்சுக்கும் தையலுக்கும் இடையேயுள்ள அமைவு ஒருவகையாக இருப்பின், பந்து எத்துணை விரைவாகச் சுழன்றாலும், சுழற்சியின் பெரும்பகுதியில் ஏதோவொரு தையற்பகுதி பந்தின் அதே பக்கத்தில், அதே எல்லையில் வந்து நிற்கும். ஒன்று விலக மற்றொன்று அவ்விடத்துக்கு வரும். மறுபக்கமோ வெறுந்தோலாகவே இருக்கும். ஆகவே சராசரி அழியவில்லை. நான் கணக்கிற் பிழைவிடவில்லை. பந்தைப் பார்க்காமற் கணக்கிட்டேன். என் தாளில் இருந்தது சமச்சீரான ஒரு கோளம். அவர் கையில் இருந்தது தையலுள்ள பந்து.

மைதான அளவீடுகளும் இதையே கூறின. முதலிற் கிரிக்கெற் ஒளிபரப்பிற் பயன்பட்ட ‘ஹோக்-ஐ’ நிறுவனத்தின் கமெராத் தொகுதி, 2020 முதல் அமெரிக்கப் பெருஞ்சங்கத்தின் மைதானங்களிற் பந்தின் சுழற்சி அச்சை நேரடியாகவே படமாக்கி அளந்தது. அச்சையும் வேகத்தையும் மட்டும் கொண்டு கணித்த பாதையும், பந்து உண்மையிற் சென்ற பாதையும் சில வகை எறிகளிற் பொருந்தவில்லை. அவ்வேறுபாட்டைத் தையல் விளக்கிற்று. முதியவர் காட்டியதைப் போன்ற, தையலோடு ஒட்டிப் பிடித்துத் தாழவிடும் எறிகள் அவற்றுள் முதன்மையானவை. இந்த அறிவைக்கொண்டு பந்தெறிபவர்கள் தம் பிடியைத் திட்டமிட்டு அமைக்கத் தொடங்கினர். ஸ்வீப்பர் என்று பெயர்பெற்ற, அகலமாக விலகும் ஸ்லைடரின் விலகலிலும் தையலுக்குப் பங்குண்டு. 2023 பங்குனி 21 ஆந் திகதி உலகப் பேஸ்போல் போட்டியின் இறுதியாட்டத்தில், யப்பானின் ஷோஹெய் ஒட்டானி அமெரிக்காவின் மைக் ட்ரவுட்டை வீழ்த்தி வெற்றியை முடித்துவைத்தது அத்தகைய ஓர் எறியினாலேயே.

இதை வாசித்தபோது முதலில் வந்தது வியப்பு. வெட்கம் அடுத்து வந்தது. அது இன்னும் போகவில்லை. வெட்கத்துக்கு மேலதிகமான காரணம் ஒன்றும் உண்டு. நான் யாழ்ப்பாணத்துப் பாடசாலை மைதானத்திற் புதுப்பந்து வீசி வளர்ந்தவன். கிரிக்கெற் பந்து காற்றிலே அலைவது அதன் தையலைச் சாய்த்து வீசுவதாலேதான் என்பதைப் பதினைந்து வயதில் என் விரல்கள் அறிந்திருந்தன. அங்கே ஒருபக்கக் காற்றைத் தையல் குழப்பி நெடுநேரம் ஒட்டவைக்கின்றது. பேஸ்போலிற் நிகழும் முறை சற்று வேறு. எனினும், பந்துக்குத் தையல் தெரியும் என்ற செய்தி ஒன்றேதான். என் விரல்கள் அறிந்ததை, பட்டத்தை நாடிப்போன என் தலை, இன்னொருவர் விரல்கள் சொன்னபோது ஏற்கவில்லை.

இத்தகைய பிழையை விட்டவர் வரிசையில் என்னினும் மிகப் பெரியோரும் உளர். சுழலும் குண்டு வழிவிலகும் என்பதை 1740 களிலே துப்பாக்கிக் குண்டுகளைக் கொண்டு காட்டியவர் ஆங்கிலேயரான பெஞ்சமின் றொபின்ஸ். துப்பாக்கிக் குழாயின் நுனியை இடப்புறம் வளைத்துச் சுட்டார். குண்டு முதலில் இடப்புறம் சென்று, பின்னர் குழாயில் உராய்ந்து பெற்ற சுழற்சியினால் வலப்புறம் வளைந்தது. அவருடைய நூலை 1745 இல் ஜேர்மன் மொழிக்குப் பெயர்த்த மாமேதை ஒயிலர், சுழற்சிக்கு அத்தகைய ஆற்றல் இல்லை, குண்டின் வடிவம் சீரற்றிருப்பதே காரணம் என்று மறுத்தெழுதினார். ஒயிலரின் மறுப்பு நெடுங்காலம் செல்வாக்குப் பெற்றது. றொபின்ஸ் கிழக்கிந்தியக் கம்பனியின் பொறியியலாளராய்க் கடலூரை அடுத்த சென் டேவிட் கோட்டைக்கு வந்து, 1751 இல் அங்கே காய்ச்சலுற்று மாண்டார். பின்னாளில் அவ்விசைக்கு மக்னஸின் பெயரே நிலைத்தது. ஆயினும் ஒயிலரின் கூற்றிலும் ஒரு துளி உண்மை இருந்தது. வடிவத்தின் சீரின்மையும் பந்தைத் திருப்பவல்லது என்பதற்குத் தையலே சாட்சி. ஒன்றை நிறுவுவதற்காக மற்றதை மறுத்ததே அவர் குறை. நானும் சுழற்சியை நிறுவித் தையலை மறுத்தேன்.

இதனாற் செய்கையறிவே மெய், ஏட்டறிவு பொய் என்று நான் கூறவரவில்லை. வேகப்பந்து எழுவதில்லை, அதில் முதியவரின் கண் பிழைத்தது. தையல் திருப்புகின்றது, அதில் என் கணக்குப் பிழைத்தது. எது எப்போது பிழைக்கும் என்பதைச் சொல்பவரின் தகைமையைக் கொண்டு தீர்மானிக்க இயலாது. போய்ப் பார்த்து அளந்தே தீர்மானிக்கவேண்டும். எண்பது வயதைக் கடந்த பிறிக்ஸ் மைதானத்துக்குப் போனார். இருபத்தெட்டு வயதிலிருந்த நான், பதினைந்து நிமிடத் தூரத்தை நடக்கவில்லை. ஒருவேளை போயிருந்தாலும் அன்று எதுவும் நிறுவப்பட்டிராது. லேசரும் கமெராவும் அப்போது என்னிடம் இருக்கவில்லை. ஆனால் அவர் கண்டதை நானும் கண்டிருப்பேன். காணாமல் மறுத்தேன் என்ற பழியாவது எனக்கு நேர்ந்திராது.

என்னிடம் பயின்ற மாணவர்களில் என் முகவரி அறிந்தோர் சிலருக்கு, வகுப்பிற் சொன்ன கதையின் பிற்பாதி பிழையென்று கடிதம் எழுதினேன். ஏனையோருக்கு இக்கட்டுரையே கடிதமாகட்டும். முதியவருக்கு எழுத முகவரியில்லை.

அவர் தந்த பந்து என் மேசைமேல் இருக்கின்றது. தோல் பழுத்துவிட்டது, சிவப்பு நூல் கபிலமாகிவிட்டது. சென்ற தை மாதத்தில் என் பேரன் அதை எடுத்துக் கிரிக்கெற் பந்தைப் பிடிப்பதுபோலப் பிடித்தான். அவனுடைய இரு விரல்களையும் மெல்ல எடுத்து, முதியவர் காட்டியபடி, தையலை ஒரு விரலளவு திருப்பி வைத்தேன். அவன் முற்றத்துக்குப் போய் மதிலை நோக்கி எறிந்துவிட்டு, “அப்பப்பா, இது வேறமாதிரிப் போகுது” என்றான்.

நான் எழுந்து முற்றத்துக்குச் சென்றேன். அவன் பின்னால் நின்று, இன்னொருமுறை எறியச் சொன்னேன்.